ஐந்து மதிப்பெண் வினா

ஜன்னலுக்கு வெளியே
துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள்
காலையிலிருந்து நிற்கின்றன.
ஒன்று நகர்ந்தால் வாயை மூடிக்கொள்வேன்,
நின்றதும் விட்ட வரியிலிருந்து வாசிப்பேன்.
ஆங்கிலத் துணைப்பாடத்து நாயகன்
இப்படித்தான் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தான்,
பாதிப் பாதி வாக்கியமாக.

பனி பெய்கிற ஊர்க்காரன். பதினாறு வயது.
வாத்தியாரை எதிர்த்துப் பேசுகிறான்,
சர்ச் கண்ணாடியில் கல்லெறிகிறான்,
அப்பா கூப்பிட்டால் மாடியேறித்
தன் அறைக் கதவை அறைந்து சாத்துகிறான்.
ஒன்பது இடங்களில் சாத்துகிறான்,
எண்ணியிருக்கிறேன்.

'ரெபல்' என்று பலகையில் எழுதி அடிக்கோடிட்டேன்.
காலை எட்டரைக்கு கேட்டருகே நின்று
முடி நீண்டவர்கள் பதினான்கு பேரை
நோட்டில் ஏற்றியதும் இந்தக் கைதான்.
பி.டி. சார் கத்தரிக்கோலோடு பக்கத்தில் நின்றார்.
தமீமுக்கு இடது காதோரம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தது.
அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு
மூன்றாம் பெஞ்சில்
கதைப் பையனின் துணிச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மிஸ், அவனுக்குத் தனி ரூம் கீது,
மூணு வேளை சோறு கீது,
இன்னாத்துக்கு ஓடிப்போறான்?"

சிரிப்பு அடங்கவில்லை,
எப்சிபா எழுந்தாள்.
விடியுமுன் காசிமேட்டில்
அம்மாவோடு கூடை தூக்கிவிட்டு
யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு வருகிறவள்.
"எங்க ஊட்ல உள்ளாற கதவே இல்ல மிஸ்.
ஸ்க்ரீன்தான்.
ஸ்க்ரீனை எப்படி மிஸ் அறையறது?"

வகுப்பு இன்னும் உரக்கச் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
பதில் வேண்டித்தான் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
"நல்ல கேள்வி" என்றேன்.
"பரீட்சையிலும் இப்படித்தான்,
நோட்ஸைப் பார்த்து எழுதாமல்
உங்களுக்குத் தோன்றுவதை எழுத வேண்டும்" என்றேன்.
லாரி ஒன்று நகர்ந்தது.
அதற்குமேல் நான் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது.
இது கேட்டுவிட்டது.

அரையாண்டு. வினா முப்பத்தெட்டு:
கதையின் முடிவில் சிறுவன் கற்ற பாடம் என்ன?
விடைக்குறிப்பு:
தவறை உணர்ந்தான், மன்னிப்புக் கேட்டான், வீடு திரும்பினான்.
நாற்பத்தொரு தாளில் அதே மூன்று வரி,
கைடில் இருந்த அச்சுப் பிழையோடு.

நாற்பத்திரண்டாவது தாளில்,
தடுமாறும் ஆங்கிலத்தில்:
'அவன் எதையும் கற்கவில்லை.
எழுதினவருக்குப் பக்கம் தீர்ந்துபோச்சு,
அதனால் அவனை வீட்டுக்கு அனுப்பிட்டார்.
அந்தக் கதவு இப்போது திறந்திருக்கா, மூடியிருக்கா
என்று அவர் சொல்லவே இல்லை.'

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.
பிறகு உட்கார்ந்தேன்.
இரண்டு காலப் பிழை, ஓர் எழுத்துப் பிழை,
குறிப்பில் உள்ள ஒரு கருத்தும் இல்லை.
ஐந்துக்கு ஒன்றரை.
அந்த அரை எதற்கென்று
இன்றுவரை விளங்கவில்லை.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள்.
தாளை மேசைமேல் வைத்தாள்.
"நீங்கதானே மிஸ் சொன்னீங்க."
"கிளாஸ்ல சொன்னேன்மா.
பப்ளிக்ல திருத்துறவங்களுக்கு உன்னைத் தெரியாதே."
"உங்களுக்குத் தெரியும்ல?"

சோற்று டப்பாவின் மூடியைத்
திறந்து, மூடி, திறந்தேன்.
பக்கத்து மேசையில் கணக்கு டீச்சர்
மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

ஸ்டாஃப் ரூமுக்குக் கதவு உண்டு.
பள்ளி கட்டிய நாளின் தேக்கு,
இரண்டு பேர் சேர்ந்து தள்ளுகிற கனம்.
எப்சிபா ஒற்றைக் கையால் அறைந்தாள்.
அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன,
ஜன்னல் விளிம்பிலிருந்த கரித்தூள்
விடைத்தாள் கட்டின்மேல் உதிர்ந்தது.

"யாரது?" என்றார் எச்.எம்., அடுத்த அறையிலிருந்து.

"காத்து சார்."

வெளியே
கொடிக்கம்பத்துக் கயிறு ஆடாமல் தொங்கியது.
மணலிப் பக்கம் புகை
நேர்க்கோடாக மேலே போய்க்கொண்டிருந்தது.